லேபர் கேம்ப்பில் திருவாதிரை

மார்கழியில் அந்த ஒரு நாள் மட்டும் ஆச்சி எங்கள் எல்லோருக்கும் முன்னே எழுந்து அடுப்பைப் பற்றவைத்துவிடுவாள். பச்சரிசியையும் பாசிப்பருப்பையும் தனித்தனியே வறுத்து முந்தின நாளே உடைத்து வைத்திருப்பாள். வெல்லம் கரைந்து கொதிக்கும்போது எழும் வாசம் எங்கள் ஒற்றை ரூமில் நிறைந்து, தகரக் கதவிடுக்கு வழியாக வெளியே போய், வரிசை வீடுகளான எங்கள் சாலின் கடைசி வீடு வரைக்கும் செய்தி சொல்லிவிடும். பம்பாயில் எங்கள் இடத்துக்கு மாட்டுங்கா லேபர் கேம்ப் என்று பெயர். மாட்டுங்கா என்று சொன்னாலும் இடம் தாராவியைச் சேர்ந்ததுதான். தோல் ஷெட்டுகளின் வாடை மேற்கிலிருந்து வீசும்போது சோறு இறங்காது. திருவாதிரை அன்றைக்கு அந்த வாடையைக் களி வாசம் ஜெயித்துவிடும். தேங்காயும் ஏலக்காயும் நெய்யும் சேர்ந்ததும் ஆச்சி சட்டியை இறக்கி வைத்து, "ஒரு வாயாவது திங்கணும்லே, திருவாதிரைக் களி" என்பாள். தொட்டுக்கொள்ள மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கிய வாழைக்காய், சேனை, அவரை, மொச்சை எல்லாம் போட்டு ஒரு கூட்டு.

ஆச்சிக்குத் திருநெல்வேலி டவுண். நெல்லையப்பர் கோயில் தாமிர சபையில் ஆருத்ரா தரிசனம் பார்த்து வளர்ந்தவள். சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, நம்ம ஊர் தாமிரம், குற்றாலம் சித்திரம், திருவாலங்காடு ரத்தினம் என்று ஐந்து சபைகளையும் எனக்கு விரல் மடக்கிச் சொல்லித் தந்தவள் அவள்தான். விடிவதற்குள் அங்கே எவ்வளவு கூட்டம் கூடும், மார்கழிக் குளிரில் ஈரத்துணியோடு எப்படி நின்றார்கள் என்று களி கிண்டியபடியே சொல்வாள். பிழைப்புக்காக மகனோடு பம்பாய் வந்தவளுக்கு அந்த ஒரு காலைதான் ஊர்.

"திருவாதிரைங்கிறது எங்க ஆச்சி இருக்கு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மானத்துல இருக்குல்லா."

"மானத்துல எங்க?"

அதற்கு ஆச்சியிடம் பதில் இல்லை. அம்மாவிடமும் இல்லை. எங்கள் வீட்டில் ஆளுக்கொரு நட்சத்திரம் இருந்தது. அப்பா உத்திரம், அம்மா சதயம், அத்தை கேட்டை, நான் பூசம். அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது பேரோடு சேர்த்து அதையும் சொல்வோம். கல்யாணப் பேச்சு வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். வாழ்க்கை முழுக்க உச்சரிக்கும் அந்தப் பெயருக்கு உரியதை வானத்தில் கண்ணால் பார்த்தவர் எங்கள் சாலில் யாரும் இல்லை. பார்க்கவும் வழி கிடையாது. அப்பா வேலை பார்த்த ரயில்வே ஒர்க்ஷாப்பின் விளக்குகள் ஒரு பக்கம், அடுப்புப் புகையும் தோல் ஷெட்டுப் புகையும் ஒரு பக்கம். வானம் என்பது கூரைக்கு மேலே இருந்த ஒரு பழுப்பு நிறம், அவ்வளவுதான்.

பக்கத்து ரூம் மராத்திக்கார மாவுஷிக்கும் திருவாதிரை தெரியும், ஆர்த்ரா என்ற பெயரில். அவர்களுக்கு அது மழைக் கணக்கு. ஜூன் முதல் வாரத்தில் மிருகம், மூன்றாம் வாரம் கழிந்தால் ஆர்த்ரா. எந்த நட்சத்திரத்தில் எவ்வளவு பெய்யும் என்று ஊரில் விதைத்துவிட்டு வந்த அண்ணனைப் பற்றிப் பேசுவார்கள். ஆச்சிக்கு டிசம்பரில் வரும் நட்சத்திரம் மாவுஷிக்கு ஜூனில் எப்படி வருகிறது என்பது எனக்கு நெடுநாள் புதிர். மார்கழியில் முழுநிலா வந்து நிற்கும் இடம் அந்த விண்மீனின் பக்கம். ஆறு மாதம் கழித்து அதே இடத்துக்குச் சூரியன் வந்துவிடுகிறது. அதை எனக்குச் சொல்லித் தந்தவர் செம்பூர் சித்தப்பா.

சித்தப்பா ட்ராம்பேயில் அணு ஆராய்ச்சி நிலையத்தில் கருவிகளைப் பழுது பார்க்கும் வேலையில் இருந்தார். அங்கேயிருந்த விஞ்ஞானிகள் படித்துவிட்டுக் கொடுக்கும் இங்கிலீஷ் புத்தகங்களை மாலையில் வீட்டுக்குக் கொண்டுவந்து அகராதி வைத்துப் படிப்பார். கேள்வி கேட்டால் எரிச்சல்படாத பெரிய மனுஷர் என் சின்ன வயதில் அவர் ஒருவர்தான்.

1971 டிசம்பர் 3-ஆம் தேதி பாகிஸ்தானோடு போர் மூண்டது. எனக்கு எட்டு வயது. பம்பாய் முழுக்க பிளாக்அவுட். ஜன்னல் இருந்த வீடுகளில் கண்ணாடிக்குப் பழுப்புக் காகிதம் ஒட்டினார்கள். டாக்ஸிகளின் முகப்பு விளக்கில் பாதிக்குக் கறுப்புச் சாயம் அடித்தார்கள். சைரன் ஊதினால் சிம்னி விளக்கையும் அணைத்துவிட வேண்டும். முதல் சில நாள் பௌர்ணமி கழிந்த நிலா இருந்தது. பிறகு நிலா எழும் நேரம் தள்ளிப்போகப் போக, முன்னிரவு கன்னங்கரேலென்று ஆனது. புழுக்கம் தாங்காமல் சாலே வெளியே வந்து திட்டில் உட்கார்ந்திருக்கும். பெரியவர்கள் டாக்காவையும் கராச்சியையும் பற்றிக் குரல் தாழ்த்திப் பேசுவார்கள்.

அப்படி ஓர் இரவில் சித்தப்பா செம்பூர் திரும்ப முடியாமல் எங்கள் வீட்டில் தங்கினார். எட்டரை மணி இருக்கும். கிழக்கே, ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், மாட்டுங்காவின் கட்டடங்கள் வெறும் கறுப்பாக நின்றன. அவற்றுக்கு மேலே மூன்று மீன்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாற்போல ஏறிக்கொண்டிருந்தன. சித்தப்பா என் தாடையைப் பிடித்துத் திருப்பினார்.

"ஏலே, அந்த மூணுக்கும் இடது கைப் பக்கம் பாரு. சிவப்பா ஒண்ணு நிக்கில்லா? அதாம் திருவாதிரை."

நான் பார்த்தேன். மற்ற மீன்களெல்லாம் வெள்ளை. இது மட்டும் வேறு. நெருப்பின் சிவப்பு இல்லை, செங்கல்லின் சிவப்பும் இல்லை. வலது பக்கம் அதே தூரத்தில் இன்னொரு பெரிய மீன் நீலவெள்ளையாக எரிந்துகொண்டிருந்ததால் இதன் நிறம் இன்னும் கூடித் தெரிந்தது. சித்தப்பா ஆச்சியையும் கூப்பிட்டார். அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் தேடினாள். கண்டதும் கையைக் குவித்தாள். "தாமிரம்லா அது" என்றாள். எழுபது வயதுவரை களி கிண்டியவள் அன்றைக்குத்தான் அதைப் பார்த்தாள். தாமிர சபையில் ஆடுகிறவனின் நட்சத்திரம் தாமிர நிறத்தில் இருந்தது அவளுக்கு ஆச்சரியமாகவே இல்லை. அப்படித்தானே இருக்கும் என்ற முகம்.

எனக்கு ஆச்சரியம் மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆச்சி எலுமிச்சை வாங்கிவரச் சொல்லியிருந்தாள். சித்தப்பாவும் நானும் ரயில் பாலம் ஏறி இறங்கி மாட்டுங்கா மார்க்கெட் போனோம். பூக்கடைகளைத் தாண்டி, ஆஸ்திக சமாஜத்துப் பக்கம் திரும்பும்போது சித்தப்பா பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து ஒரு காம்பவுண்டுச் சுவரின்மேல் வைத்தார். "இதுதான் சூரியன்." அங்கேயிருந்து ஆறு எட்டு நடக்கச் சொன்னார். நடந்தேன். "நீ நிக்கிற எடத்துல பூமி. கடுகுல நாலுல ஒரு பங்குகூட இருக்காது." பிறகு கேட்டார்: "சூரியன் எலுமிச்சம்பழம்னா, திருவாதிரை எம்புட்டு இருக்கும் சொல்லு?"

பூசணிக்காய் என்றேன். தலையாட்டினார். தேர்ச் சக்கரம் என்றேன். அதற்கும் தலையாட்டினார். எதிரே இருந்த மூன்று மாடிக் கட்டடத்தைக் காட்டினார். மாட்டுங்காவின் பழைய கட்டடங்கள் வளைந்த பால்கனிகளோடு எவ்வளவு கம்பீரமாக இருக்கும் என்பது அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். "இது மேல இன்னொண்ணத் தூக்கி வையி. அப்பவும் அதோட உச்சி எட்டாது." கட்டடத்தையும் சுவர்மேல் இருந்த பழத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். என் வயிற்றுக்குள் ஏதோ இறங்கியது. பயம் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் ஓடத் தோன்றாத பயம்.

சித்தப்பா அன்று சொன்ன எண்களைவிட இன்றைய கணக்கு திருத்தமானது என்பதால் இன்றையதையே இங்கே போடுகிறேன். 2020-இல் ஆஸ்திரேலியாவில் மெரிடித் ஜாய்ஸ் குழுவினர் செய்த கணக்குப்படி, மேல்நாட்டார் பீட்டல்ஜூஸ் என்று அழைக்கும் இந்த மீனின் ஆரம் சூரியனைப்போல் 764 மடங்கு. நாலு சென்டிமீட்டர் பழம் சூரியனானால் இது முப்பது மீட்டருக்கு மேல் உருண்டு நிற்கும். உண்மை அளவில் குறுக்காக 106 கோடி கிலோமீட்டர். சூரியன் இருக்கும் இடத்தில் இதை வைத்தால் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் நாலும் அதன் உடம்புக்குள் போய்விடும். வியாழன் மட்டும் வெளியே தப்பிக்கும். 44 கோடிச் சூரியன்களை அதற்குள் போட்டு அடைக்கலாம்.

"அப்ப பக்கத்துச் சூரியன் எங்க இருக்கு சித்தப்பா?" என்று கேட்டேன். தாதர் போகும் வழியிலோ பாந்திராவிலோ இருக்கும் என்று என் எண்ணம். "மதுரையில" என்றார். மாட்டுங்காவில் ஒரு எலுமிச்சை, மதுரையில் அடுத்தது. நடுவில் ஒன்றுமே இல்லை. இரண்டு ராத்திரி ரயிலில் வந்த ஊர்ப்பயணம் எனக்கு நினைவிருந்தது. ஜன்னலோரம் முழுக்க இருட்டாக ஓடிய அந்தத் தூரம் அத்தனையும் காலி. விண்வெளி என்ற வார்த்தைக்கு எனக்குள் பொருள் கிடைத்தது அந்தச் சுவரடியில்தான். அதற்குப் பிறகு படித்த எந்தப் பாடப்புத்தகமும் அதில் ஒரு மயிரிழைகூடக் கூட்டவில்லை.

ஆனால் இவ்வளவு தூரத்தில் இருப்பதை யார் போய் நாடா பிடித்து அளந்தார்கள்? இதைக் கேட்டபோது சித்தப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. கருவிகளோடு புழங்குகிறவர் அல்லவா. 1920 டிசம்பர் 13 இரவு, கலிஃபோர்னியாவில் மவுண்ட் வில்சன் மலைமேல், நூறு அங்குலக் கண்ணாடி கொண்ட தொலைநோக்கியின் தலையில் இருபதடி நீள இரும்பு உத்தரம் ஒன்றைக் கிடத்தினார்கள். அதில் நகர்த்தக்கூடிய இரண்டு கண்ணாடிகள். ஒரே மீனின் ஒளியை இரண்டு கண்ணாடியிலும் வாங்கி ஓரிடத்தில் சேர்த்தால் வரிவரியாகக் கோடுகள் தெரியும். கண்ணாடிகளை மெல்ல மெல்ல விலக்கிக்கொண்டே போக, மீன் வெறும் புள்ளியாக இல்லாமல் ஓர் அகலத்தோடு இருந்தால், ஏதோ ஒரு இடைவெளியில் கோடுகள் அழிந்துபோகும். அந்த இடைவெளியிலிருந்து அகலத்தைக் கணக்கிடலாம். வழியை வகுத்தவர் மைக்கல்சன்; கண்ணை வைத்துப் பார்த்தவர்களில் ஒருவர் பீஸ். இடைவெளி சுமார் பத்தடி ஆனபோது திருவாதிரையின் கோடுகள் மறைந்தன. சூரியனைத் தவிர வேறொரு விண்மீனின் அகலத்தை மனிதன் அளந்தது அதுவே முதல்முறை. கிடைத்த கோணம் ஒரு விகலையில் 0.047. அதாவது நம் எலுமிச்சம்பழத்தை நாசிக்குக்கு அப்பால் வைத்துவிட்டு மாட்டுங்காவிலிருந்து அதன் அகலத்தைப் பார்ப்பது.

சித்தப்பாவுக்கு மட்டுமல்ல, இன்றைக்கும் வானியல்காரர்களுக்குத் தலைவலி அதன் தொலைவுதான். பூமி சூரியனைச் சுற்றும்போது கிட்டத்து மீன்கள் வானத்தில் மிகச் சிறிதாக இடம் மாறித் தெரியும். அதைக் கொண்டுதான் தூரம் அளப்பார்கள். திருவாதிரை இடம் மாறும் அளவைவிட அதன் முகத்தின் அகலமே பல மடங்கு பெரிது. அந்த முகமும் ஒரே சீராக இல்லாமல், கொதித்து எழும் பிரம்மாண்டமான திட்டுகளால் இங்கும் அங்கும் பிரகாசம் மாறிக்கொண்டே இருக்கிறது. எந்த இடத்தை நடு என்று வைத்து அளப்பது? ஜாய்ஸ் குழுவினர் சுமார் 550 ஒளியாண்டு என்றார்கள். 700-ஐத் தாண்டும் கணக்குகளும் உண்டு. குறைந்த கணக்கை எடுத்தாலும், லேபர் கேம்ப்புத் திட்டில் என் கண்ணுக்குள் விழுந்த ஒளி புறப்பட்டபோது தெற்கே விஜயநகர அரசு நடந்துகொண்டிருந்தது. தொலைவைக் கணிக்க உதவும் உண்மையான பிரகாசத்தை, இத்தகைய குளிர்ந்த மீன்களில் அவற்றின் நிறமாலையில் உள்ள கால்சியக் கோட்டின் அகலத்திலிருந்தே மதிப்பிடலாம் என்று 1957-இல் வில்சன் என்ற வானியலாளரோடு சேர்ந்து காட்டியவர் நம் வைணு பாப்பு. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தை எழுப்பியவரும் அவரே. காவலூர் என்ற பெயரை சித்தப்பா சொல்லும்போது ஆச்சி குற்றாலம் என்று சொல்லும் தொனி வரும்.

திருவாதிரையின் அந்த மாபெரும் உருவம் முழுக்க என்ன இருக்கிறது என்று பிறகு படித்தேன். கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. எடை சூரியனைப்போல் பதினாறிலிருந்து பத்தொன்பது மடங்குதான். அது அந்த மாபெரும் கன அளவில் பரவிக் கிடக்கிறது. சராசரியாகப் பார்த்தால் நாம் இழுக்கும் மூச்சுக்காற்றைவிடச் சுமார் இருபதாயிரம் மடங்கு மெலிது. ஓரத்தில் ஏறத்தாழ 3,500 கெல்வின் வெப்பம். உள்ளே எரிபொருளாக இருந்த ஹைட்ரஜன் தீர்ந்து, நடுப்பகுதி சுருங்க, வெளிப்புறம் இப்படி விரிந்துவிட்டது. வயது ஒரு கோடி வருஷத்துக்குள்தான். நம் சூரியனுக்கு 460 கோடி. பெரிய மீன்கள் வேகமாக எரிந்து தீரும்.

இன்னொரு சிவப்பு மீனுக்காக அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு ஒரே தங்கை. வீட்டில் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கேட்டை நட்சத்திரம். கேட்டையில் பிறந்த பெண் மாப்பிள்ளையின் மூத்தவனுக்கு ஆகாது என்ற பேச்சால் ஜாதகம் போன வேகத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் அவள் எதுவும் பேசாமல் மெஷினில் போய் உட்காருவாள். சக்கரம் கொஞ்சம் வேகமாக ஓடும். எங்களுக்கு அதுவே தெரிந்துவிடும்.

பிளாக்அவுட்டுக்கு அடுத்த மே மாதம் நாங்கள் எல்லோரும் செம்பூரில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். இரண்டு மாடிக் கட்டடம், மேலே மொட்டைமாடி. தெற்கே மாஹுல் சுத்திகரிப்பு ஆலைகளின் தீச்சுவாலை வானத்தை ஆரஞ்சாக அடித்துக்கொண்டிருந்தது. அதையும் மீறி, ட்ராம்பே மலைப் பக்கம் தென்கிழக்கில் ஒரு சிவப்பு மீன் ஏறியிருந்தது. சித்தப்பா அத்தையைத்தான் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இதாம் உன் கேட்டை."

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். சித்தப்பா சொன்னார்: திருவாதிரையைப் போலவே இதுவும் ராட்சசச் சிவப்பு மீன். வானத்தின் முதல்தரப் பிரகாசமான மீன்களில் இந்தச் சாதி இரண்டே இரண்டுதான், இது ஒன்று, அது ஒன்று. இதன் ஆரமும் சூரியனைப்போல் 700 மடங்குக்குப் பக்கம். செவ்வாய் வரைக்கும் விழுங்கிவிடும். இதுவும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரகாசம் கூடிக் குறைந்துகொண்டுதான் இருக்கிறது.

அத்தை வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இம்புட்டுப் பெருசா, அம்புட்டுத் தூரத்துல இருக்கது, இந்த லேபர் கேம்ப்புல எனக்கு வர்ற மாப்பிள்ளையோட அண்ணனையா போயி பாத்துக்கிட்டு இருக்கும்?" என்றாள். குரல் உடையவில்லை. ஆச்சி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காக ஊர்ப்பேச்சு நின்றுவிடவில்லை. கடைசியில் வீட்டுக்கு மூத்த பிள்ளையாகப் பார்த்துத்தான் அத்தைக்கு முடிந்தது. அண்ணனே இல்லாத மாப்பிள்ளையைத் தேடி எங்கள் குடும்பங்கள் எத்தனை பெண்களின் வருஷங்களைக் கரைத்திருக்கின்றன என்று நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு காந்துகிறது. ஆனால் அத்தை அந்த இரவுக்குப் பிறகு தன் நட்சத்திரத்தைச் சொல்லும்போது தலையைக் குனிந்ததில்லை. இதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

1977-இல் வொர்லியில் நேரு கோளரங்கம் திறந்தபோது பள்ளியில் கூட்டிப்போனார்கள். கூரை முழுக்க மீன்கள். அழகுதான். திருவாதிரை ஓர் ஒளிப்பொட்டாக வந்து போயிற்று. சுவர்மேல் பழத்தை வைத்து அளந்தவனுக்கு அது போதவில்லை.

திருவாதிரையின் பிரகாசம் மாறுவதை முதலில் கவனித்தவர் ஜான் ஹெர்ஷல், 1836-இல். சுமார் 400 நாளைக்கு ஒருமுறை விம்மித் தணியும். அதற்குமேல் ஆறு வருஷக் கணக்கில் இன்னொரு நீண்ட ஏற்ற இறக்கமும் உண்டு. அந்த நீண்ட ஆட்டத்துக்குத் துணைமீன் ஒன்று காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். 2025 ஜூலையில் ஹவாயின் ஜெமினி தொலைநோக்கிப் படத்தில் அதன் பக்கத்திலேயே அப்படியொன்று மங்கலாகத் தெரிவதாக ஸ்டீவ் ஹொவெல் குழுவினர் அறிவித்தார்கள். வெறுங்கண்ணால் இந்தப் பிரகாச மாற்றத்தைக் கண்டுகொள்வது கடினம். நானும் அத்தனை வருஷம் பார்த்தும் கண்டதில்லை, 2020 வரை.

2019 டிசம்பரில் அது மங்குவதாக எட்வர்ட் கைனன் அமெரிக்காவிலிருந்து அறிவித்தார். நான் அப்போது செம்பூர்க்காரன் ஆகியிருந்தேன். பிப்ரவரியில் மாடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தபோது எனக்குத் திக்கென்றது. வேட்டைக்காரன் எனப்படும் விண்மீன் கூட்டத்தின் இரண்டு தோள்களில் ஒன்று திருவாதிரை, மற்றது பெல்லாட்ரிக்ஸ். இத்தனை காலமும் இது அதைவிட எடுப்பாக இருந்தது. அன்றைக்கு இரண்டும் சமமாக நின்றன. வழக்கத்தில் இரண்டரைப் பங்குக்கு ஒரு பங்கு ஒளிதான் மிச்சம். வெடிக்கப் போகிறது என்று உலகமெங்கும் பேச்சு. ஏப்ரலுக்குள் பழையபடி ஆயிற்று. சிலி நாட்டின் பெருந்தொலைநோக்கியில் மிகேல் மொன்டார்ஜே குழுவினர் எடுத்த படங்கள் காரணத்தைக் காட்டின: மீன் தன் உடம்பிலிருந்து ஒரு வாயுக் குமுறலை வெளியே எறிந்திருந்தது, மேற்பரப்பில் ஒரு பகுதி குளிர்ந்ததில் அந்த வாயு உறைந்து தூசியாகி, தென்பாதியை நமக்கு மறைத்துவிட்டது. அந்தப் படத்தில் வட்ட முகத்தின் கீழ்ப்பாதி கறுத்துக் கிடப்பது தெளிவாகத் தெரியும். சித்தப்பா இருந்து பார்த்திருக்க வேண்டிய படம்.

அது ஒருநாள் வெடிக்கும். நாளைக்கே இல்லை, ஒரு லட்சம் வருஷத்துக்குள் என்பது பொதுவான கணக்கு. வெடித்தால் பகலிலும் தெரியும். இந்தத் தொலைவில் நமக்குக் கேடு எதுவும் இல்லை.

தாராவியிலும் செம்பூரிலும் இப்போது இருட்டே கிடையாது. பிளாக்அவுட்டில் நான் கண்ட மீன்களில் முக்கால்வாசி இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆனால் திருவாதிரை தெரியும். இந்த நகரத்தின் எந்த விளக்காலும் அதை முழுக்க அழிக்க முடியவில்லை. புகைமூட்டம் இல்லாத இரவாக இருந்தால் போதும். டிசம்பர் நடுவில் இரவு ஒன்பது மணிக்குக் கிழக்கே பாருங்கள். மூன்று மீன்கள் மேலும் கீழுமாக அடுக்கி நிற்கும். வலப்பக்கம் இருப்பது வெள்ளை, அதன் பெயர் ரைஜல். இடப்பக்கம் இருப்பதுதான் திருவாதிரை. மே கடைசியானால் அதே நேரத்துக்குத் தென்கிழக்கில் கேட்டை. வீட்டில் கேட்டையில் பிறந்த பெண் யாராவது இருந்தால் அவளை முதலில் கூப்பிட்டுக் காட்டுங்கள்.